அக்கிடென்ஸ்: ஒரு லத்தீன் சொல்லைப் பிடிபடப் படிப்பது எப்படி

மெய்யியல் முதுகலையை அஞ்சல் வழியில் படிக்கத் தொடங்கியபோது, முதல் பருவத்தில் என்னை மூன்று மாதம் நகரவிடாமல் வைத்திருந்தது ஒரே ஒரு சொல்: அக்கிடென்ஸ், ஒரு பொருளிடம் வந்து சேர்ந்ததைக் குறிக்கும் லத்தீன் மெய்யியல் சொல். ஆங்கில நூல்களில் அது ஆக்சிடென்ட் என்று வரும். எனக்குக் கிடைத்த தமிழ்க் குறிப்புகளில் ஓரிடத்தில் 'விபத்து', இன்னோரிடத்தில் 'குணம்', வேறோரிடத்தில் 'தற்செயல்' என்று இருந்தது. மூன்றையும் கலந்து தேர்வில் எழுதினேன். பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு நான்கு வந்தது. ஏன் நான்கு என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

பிறகு மூல நூல்களைத் தேடிப் போனேன். விஷயம் அவ்வளவு கடினமில்லை. வரிசை தெரியாமல் படித்ததுதான் சிக்கல் என்று புரிந்தது. நீங்கள் அரிஸ்டாட்டிலையோ இடைக்கால ஐரோப்பிய மெய்யியலையோ இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையில் போங்கள். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு வாரம் போதும்.

1. அகராதியை எடுத்துச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

அக்கிடென்ஸ் என்பது 'அக்கிடெரே' என்ற வினையின் நிகழ்கால எச்சம். 'அட்' என்றால் மேல், நோக்கி. 'கடெரே' என்றால் விழுதல். ஆக, ஒன்றின் மேல் வந்து விழுந்தது, வந்து சேர்ந்தது என்று பொருள். "அவருக்கு அப்படி ஒரு குரல் வாய்த்தது" என்கிறோமே, அந்த 'வாய்த்தது' இதற்கு மிகப் பக்கத்தில் வரும். அரிஸ்டாட்டில் எழுதிய கிரேக்கச் சொல் 'சிம்பெபெகோஸ்'. அதில் 'கூட நடந்து வந்தது' என்ற படிமம் இருக்கிறது. கிரேக்கத்தில் கூட வருகிறது, லத்தீனில் மேலே விழுகிறது. இரண்டிலும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, அதனிடம் வந்து சேர்ந்த இன்னொன்றும் இருக்கிறது. இந்த இருமையை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வையுங்கள்.

1879இல் வந்த லூயிஸ்–ஷார்ட் லத்தீன் அகராதி இதற்குப் போதும். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இங்கேயே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, அகராதியில் 'அக்கிடோ' என்று இரண்டு பதிவுகள் அடுத்தடுத்து இருக்கும். இகரம் குறிலாக இருப்பது நமக்கு வேண்டியது. நெடிலாக இருப்பது 'வெட்டுதல்' என்ற வேறு வேரிலிருந்து வந்தது. நான் அவசரத்தில் இரண்டாவதைப் படித்துவிட்டு ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன். இரண்டாவது, உச்சரிப்பு. பழைய ரோமானிய முறையில் 'அக்கிடென்ஸ்', திருச்சபை முறையில் 'அச்சிதென்ஸ்'. காணொளி விரிவுரைகளில் இரண்டையும் கேட்பீர்கள், சொல் ஒன்றுதான். பன்மை 'அக்கிடென்டியா'.

2. தேவையான பிரதிகளும் செலவும்

மொத்தம் நான்கு சிறு பகுதிகள் போதும். அரிஸ்டாட்டிலின் 'கேட்டகரீஸ்' முழுவதும் நிலையான கிரேக்கப் பதிப்பின் பக்க எண்ணில் பதினைந்து பக்கம்தான். அதில் முதல் ஒன்பது அதிகாரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 'மெட்டாபிசிக்ஸ்' நூலின் ஐந்தாம் புத்தகத்தில் 30ஆம் அதிகாரம் ஒரு பக்கம்கூட வராது. மூன்றாம் நூற்றாண்டு மெய்யியலாளர் போர்ஃபிரியின் 'இசகோகே', அதாவது 'அறிமுகம்', ஒரு சிறு கையேடு அளவு. கடைசியாக, பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ மெய்யியலாளர் அக்குவினாஸ் இளம் வயதில் எழுதிய 'டெ என்டே எட் எஸ்ஸென்டியா'வின் இறுதி அதிகாரம்.

கேட்டகரீஸுக்கு 1928இல் ஆக்ஸ்போர்டு வரிசையில் வந்த எட்கிலின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். இசகோகேயை லத்தீனில் ஆக்கியவர் ரோமானிய அறிஞர் பொயீத்தியஸ். அவருடைய ஆக்கங்கள் மீன்யே தொகுத்த லத்தீன் திருச்சபைத் தந்தையர் நூல் வரிசையின் 64ஆம் தொகுதியில் இருக்கின்றன. ஆர்க்கைவ் தளத்தில் வருடப்பட்ட படிகள் கிடைக்கும். அக்குவினாஸின் லத்தீன் நூல்கள் முழுவதும் கார்ப்பஸ் தாமிஸ்டிக்கும் என்ற தளத்தில் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து நகல் எடுத்ததில் எனக்கு நூறு ரூபாய்க்கு உள்ளேதான் ஆனது. அதற்கு முன்னால் 1,800 ரூபாய்க்கு ஒரு தடித்த அறிமுக நூல் வாங்கியிருந்தேன். அதில் இந்தச் சொல்லுக்கு ஒன்றரைப் பத்திதான் இருந்தது. தயவுசெய்து முதலில் எதையும் விலைக்கு வாங்காதீர்கள்.

நேர ஒதுக்கீடு: இசகோகே ஒரு வாரம், கேட்டகரீஸ் இரண்டு வாரம், மெட்டாபிசிக்ஸ் பக்கம் ஒரே மாலை, அக்குவினாஸ் இரண்டு வாரம். மிச்சமிருப்பது பயிற்சிக்கு. காலவரிசைப்படி அரிஸ்டாட்டிலிடம் தொடங்கத் தோன்றும். வேண்டாம். இசகோகே புதியவர்களுக்கென்றே எழுதப்பட்டது. அங்கே தொடங்குங்கள்.

3. ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்

பொயீத்தியஸின் மொழிபெயர்ப்பில் வரும் வரையறை இது: "அக்கிடென்ஸ் வேரோ எஸ்ட் குவோட் அடெஸ்ட் எட் அபெஸ்ட் ப்ரைட்டெர் சுபியெக்டி கொர்ருப்டியோனெம்."

அடெஸ்ட் என்றால் வந்து இருக்கிறது. அபெஸ்ட் என்றால் விலகி நிற்கிறது. சுபியெக்டும் என்றால் கீழே தாங்கி நிற்பது. தாங்கி என்று வைத்துக்கொள்வோம். கொர்ருப்டியோ என்றால் அழிவு. தாங்கி அழியாமலேயே வரவும் போகவும் கூடியது எதுவோ, அதுவே அக்கிடென்ஸ்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு காகத்திடம் போகலாம். காகம் போர்ஃபிரியே தரும் எடுத்துக்காட்டு. தூங்குவது பிரியக்கூடிய அக்கிடென்ஸ்; தூக்கம் வரும், போகும். காகத்தின் கருமை பிரியாத அக்கிடென்ஸ். அது காகத்தை விட்டுப் போவதே இல்லை. இங்கேதான் எல்லோரும் இடறுகிறோம். போகவே போகாத ஒன்று எப்படி 'வரவும் போகவும் கூடியது' ஆகும்?

போர்ஃபிரியின் பதில்: வெள்ளைக் காகத்தை நம்மால் எண்ணிப் பார்க்க முடிகிறது, அப்படி எண்ணும்போது காகம் காகமாகவே இருக்கிறது. ஆகவே சோதனை கண்ணால் செய்வதில்லை, கருத்தால் செய்வது. நிறமி இல்லாமல் பிறக்கும் வெள்ளைக் காகங்கள் உண்மையிலும் அபூர்வமாக உண்டு. யாரும் அதைக் காகமில்லை என்று சொல்வதில்லை. ஆனால் பகுத்தறிவே இல்லாத இனமாக மனிதரை எண்ணிப் பாருங்கள். அங்கே எண்ணப்படுவது வேறோர் இனம்.

'மாறக்கூடியது எல்லாம் அக்கிடென்ஸ், மாறாதது எல்லாம் சாரம் (ஒன்றை அதுவாக ஆக்குவது)' என்று சில குறிப்பேடுகள் எழுதுவதைக் கண்டால் அந்தப் பக்கத்தை நம்பாதீர்கள். காகம் ஒன்றே அதைப் பொய்யாக்கிவிடுகிறது.

நன்னூல் படித்தவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. செந்தாமரை என்பதில் 'செம்மை' வெண்தாமரையை விலக்குகிறது, அது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்பதில் விலக்க வேறு ஞாயிறு இல்லை, அது இனமில்லா அடை. இதைப் பார்த்ததும், இனமில்லா அடை சாரத்தைச் சொல்கிறது, இனமுள்ள அடை அக்கிடென்ஸைச் சொல்கிறது என்று பொருத்திவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது, அதை ஒரு கண்டுபிடிப்பாகவே நினைத்து எழுதி வைத்தேன். பொருந்தாது. கருங்காகம் என்றால் அந்தக் கருமை வேறொரு காக இனத்தை விலக்குவதற்காக வருவதில்லை. ஆனாலும் போர்ஃபிரிக்கு அந்தக் கருமை அக்கிடென்ஸ்தான். நன்னூலின் பிரிவு சொல் எதை விலக்குகிறது என்பதைப் பற்றியது. இது பொருள் எதனால் அந்தப் பொருளாகிறது என்பதைப் பற்றியது.

4. ஐந்தில் ஒன்றா, ஒன்பதா? முதலில் இதைக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். அக்கிடென்ஸ் என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு பட்டியல்களில் உட்கார்ந்திருக்கிறது.

முதல் பட்டியல் போர்ஃபிரியுடைய ஐந்து: கெனுஸ் (இனம்), ஸ்பெகியெஸ் (வகை), டிஃபெரென்டியா (வேறுபாடு), ப்ரோப்ரியும் (தனக்கே உரியது), அக்கிடென்ஸ். ஒன்றைப் பற்றி நாம் சொல்வது அதனோடு எந்த விதத்தில் பொருந்துகிறது என்பதுதான் இங்கே கேள்வி. மனிதரை 'விலங்கு' என்றால் இனம். 'பகுத்தறிவுள்ள' என்றால் வேறுபாடு. 'சிரிக்க வல்லவர்' என்றால் தனக்கே உரியது. 'உட்கார்ந்திருக்கிறார்' என்றால் அக்கிடென்ஸ்.

இரண்டாவது பட்டியல் அரிஸ்டாட்டிலின் பத்து. அதில் முதலாவது சுப்ஸ்டான்டியா, தானே நிற்கும் பொருள். மிச்சம் ஒன்பதும் அதைச் சார்ந்து நிற்பவை. அந்த ஒன்பதையும் சேர்த்து இடைக்காலத்தார் அக்கிடென்டியா என்றார்கள். இங்கே கேள்வி வேறு: இது எந்த விதத்தில் இருக்கிறது? தானாகவா, இன்னொன்றிலா? "அக்கிடென்டிஸ் எஸ்ஸே எஸ்ட் இனெஸ்ஸே" என்ற இடைக்கால மெய்யியல் பள்ளிகளின் வாய்பாடு இந்தப் பட்டியலுக்கானது. அக்கிடென்ஸின் இருப்பு என்பது இன்னொன்றில் இருப்பதே என்று பொருள்.

இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? 'சிரிக்க வல்லமை'யை எடுங்கள். முதல் பட்டியலில் அது அக்கிடென்ஸ் இல்லை, ப்ரோப்ரியும். இரண்டாவது பட்டியலில் அது தானாக நிற்காமல் மனிதரில் இருப்பதால், பண்பு என்ற வரிசையில் விழும் அக்கிடென்ஸ். ஒரே விடைத்தாளில் ஒரு பக்கம் 'இல்லை', மறுபக்கம் 'ஆம்' என்று எழுதியிருந்தேன். இரண்டும் சரி, எந்தப் பட்டியல் என்று சொல்லாததுதான் தவறு. இடைக்கால ஆசிரியர்களுக்கே இந்தத் தொல்லை தெரியும். முதலாவதை 'பிரைடிகாபிலே', இரண்டாவதை 'பிரைடிகாமென்டாலே' என்று அடை சேர்த்துப் பிரித்தார்கள். இந்த இரண்டு அடைகளையும் விடைத்தாளில் எழுதுங்கள், குழப்பத்துக்கு இடமே இருக்காது.

ஒன்பதைப் பழக, வீட்டில் கிடக்கும் ஒரு பொருளை எடுத்து நோட்டில் நிரப்புங்கள். நான் எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லை எடுத்தேன். அளவு: ஒன்றரை அடி அகலம். பண்பு: கருமை, சொரசொரப்பு. தொடர்பு: பக்கத்து அம்மியைவிடப் பெரியது. இடம்: பின்கட்டில். காலம்: இன்று காலை. கிடப்பு: ஒருபக்கம் சாய்ந்து. உடைமை: மேலே சாக்கு போர்த்தியிருக்கிறது. செய்வது: தரையை அழுத்துகிறது. படுவது: மழையில் நனைகிறது. அரிஸ்டாட்டிலின் சொந்த எடுத்துக்காட்டுகளும் இப்படித்தான் எளிமையானவை: இரண்டு முழம், வெள்ளை, இருமடங்கு, லைசியத்தில் (ஏதென்ஸில் ஓர் இடம்), நேற்று, உட்கார்ந்து, செருப்பணிந்து, வெட்டுகிறான், வெட்டப்படுகிறான்.

இந்த நோட்டை நிரப்பியதும் ஒன்று தெளிவாகும். 'பண்பு' என்பது ஒன்பதில் ஒன்றுதான். பின்கட்டில் இருப்பதும் அக்கிடென்ஸ்தான், ஆனால் அதை யாரும் கல்லின் குணம் என்று சொல்லமாட்டோம்.

5. 'பெர் அக்கிடென்ஸ்' என்று வந்தால் வேகத்தைக் குறையுங்கள்

முன்னால் 'பெர்' சேர்ந்தால் அது பெரும்பாலும் ஒரு பொருளில் இருக்கும் பண்பைப் பற்றியது இல்லை. இரண்டு விஷயங்கள் எப்படிச் சேர்ந்தன என்பதைப் பற்றியது. எதிர்ச்சொல் 'பெர் ஸே', அதாவது தன்னாலேயே. மெட்டாபிசிக்ஸ் பக்கத்தை இப்போது படியுங்கள். மரம் நடக் குழி தோண்டுகிறவனுக்குப் புதையல் கிடைக்கிறது. குழி தோண்டினால் புதையல் கிடைத்தே ஆகும் என்றில்லை, பெரும்பாலும் கிடைக்கும் என்றும் இல்லை. இன்னோர் எடுத்துக்காட்டு: ஒருவன் கப்பலில் புறப்பட்டது வேறெங்கோ, புயலோ கடற்கொள்ளையரோ ஏஜினா தீவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். 'தற்செயல்' என்ற தமிழ்ச் சொல் பொருந்துவது இங்கே மட்டும்தான்.

அதே பக்கத்தின் முடிவில் அரிஸ்டாட்டில் இன்னொரு பொருளையும் தருகிறார். முக்கோணத்தின் கோணங்கள் இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பதும் சிம்பெபெகோஸ் என்கிறார். முக்கோணத்தின் வரையறையில் அது இல்லை, ஆனால் எல்லா முக்கோணத்துக்கும் எப்போதும் உண்டு, நிறுவவும் முடியும். இங்கே தற்செயல் என்று மொழிபெயர்த்தால் வடிவியலே தற்செயலாகிவிடும். நான் இந்த வரியில் நான்கு நாள் நின்றேன். 'தன்னாலேயே சேர்ந்த அக்கிடென்ஸ்' என்று இதற்குத் தனிப் பெயர் இருப்பது தெரிந்திருந்தால் நான்கு நிமிடத்தில் கடந்திருப்பேன்.

தர்க்க நூல்களில் 'கொன்வெர்சியோ பெர் அக்கிடென்ஸ்' என்று வரும். 'எல்லாக் குதிரைகளும் விலங்குகள்' என்பதைத் திருப்பி 'சில விலங்குகள் குதிரைகள்' என்று, அளவைக் குறைத்து எழுதுவது அது. அதை அப்படியே ஒரு பெயராக வைத்துக்கொள்ளுங்கள், ஆராய வேண்டாம். அக்கிடென்ஸ் போலி, அதாவது அக்கிடென்ஸால் வரும் தவறான வாதம், என்று வருவது வேறு: இந்த நாய் உன்னுடையது, இந்த நாய் ஒரு தந்தை, ஆகவே இது உன் தந்தை. 'தந்தை' என்பதும் 'உன்னுடையது' என்பதும் அந்த நாயிடம் தனித்தனியாக வந்து சேர்ந்தவை. ஒன்றோடொன்று ஒட்டியவை அல்ல.

6. சொல் அதேதான், துறை வேறு

லத்தீன் இலக்கண நூல்களிலும் இந்தச் சொல் வரும். நான்காம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் டொனாட்டுஸ் பெயர்ச்சொல்லுக்கு ஆறு 'சேர்கின்றன' என்கிறார்: தன்மை, ஒப்பீடு, பால், எண், அமைப்பு, வேற்றுமை. அங்கே 'கெனுஸ்' என்றால் இனமல்ல, பால். பக்கத்தில் 'நோமென்' (பெயர்ச்சொல்), 'காசுஸ்' (வேற்றுமை) போன்ற சொற்களைக் கண்டால் மெய்யியல் நோட்டை மூடிவிடுங்கள். வரலாற்று உரைநடையில் 'அக்கிடிட் உட்' என்று வந்தால் வெறுமனே 'நிகழ்ந்தது' என்று பொருள்.

நற்கருணை, அதாவது கிறித்தவ வழிபாட்டில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆவது, பற்றிய விவாதத்தை முதல் ஆறு வாரத்தில் தொடாதீர்கள். அப்பத்தின் சுப்ஸ்டான்டியா மாறி அதன் அக்கிடென்டியா மட்டும் தாங்கி இல்லாமல் நிற்க முடியுமா என்று அக்குவினாஸ் 'சும்மா தியோலோகியே' என்ற தன் நூலின் மூன்றாம் பகுதி, 77ஆம் கேள்வியில் விரிவாக எடுத்துப் பேசுகிறார். அருமையான பகுதி. ஆனால் விதியை அறியுமுன் விதிவிலக்கைப் படிப்பதாகிவிடும். பின்னாளில் அங்கே போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 1551இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரென்ட் சங்கம் தன் தீர்மானத்தில் அக்கிடென்டியா என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை, 'ஸ்பெகியெஸ்' என்றே எழுதியது. அங்கே ஸ்பெகியெஸ் என்றால் தோற்றம். போர்ஃபிரியின் 'வகை' அல்ல.

7. தமிழில் எப்படி எழுதுவது

'விபத்து' கூடவே கூடாது. ஆங்கிலச் சொல்லின் சாலைப் பொருளைப் பார்த்துப் போட்டது அது.

'குணம்' பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல ஆசிரியர்களே அதைத்தான் எழுதுகிறார்கள். குணம் என்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு கட்டமைப்பு இருக்கிறது. வைசேடிகம் என்ற இந்திய மெய்யியல் மரபின் ஆறு பதார்த்தங்களில் (அடிப்படைப் பகுப்புகளில்) பொருளும் குணமும் கருமமும் தனித்தனி. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையிலேயே இந்தப் பகுப்பைப் பார்க்கலாம். அங்கே செயல் குணத்தில் அடங்காது, எண்ணும் அளவும் குணத்துக்குள் அடங்கும். அரிஸ்டாட்டிலிடம் செய்வது ஓர் அக்கிடென்ஸ், அளவும் பண்பும் வேறு வேறு. ஆகவே குணம் என்று எழுதினால் ஒரு பக்கம் குறைகிறது, மறுபக்கம் வழிகிறது. சைவ சித்தாந்தத்தில் வரும் 'ஆகந்துகம்' என்ற சொல், வந்து சேர்ந்தது என்ற வேர்ப்பொருளில் அக்கிடென்ஸுக்கு வெகு அருகில் நிற்கிறது. ஆனால் அது மாயை, கன்மம் என்ற மலங்களோடு (உயிரைப் பிணிக்கும் மாசுகளோடு) இறுகக் கட்டுண்ட சொல். அதை இழுத்துவந்தால் வாசகர் மனம் மலத்தைப் பற்றி யோசிக்கப் போய்விடும்.

நான் இப்போது 'சேர்வு' என்று எழுதுகிறேன். பண்பு, இடம், காலம் எல்லாவற்றுக்கும் அது இடம் தருகிறது. தேர்வென்றால் முதல் முறை வரும்போது 'அக்கிடென்ஸ், அதாவது சேர்வு' என்று எழுதி, எந்தப் பட்டியல் என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். அடுத்த பருவத்தில் இதே வினாவுக்கு இப்படி எழுதிப் பன்னிரண்டு வாங்கினேன்.

8. உங்களைச் சோதித்துக்கொள்ள நான்கு வாக்கியங்கள்

விடையை மறைத்துவிட்டு முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

'சாக்ரடீஸ் உட்கார்ந்திருக்கிறார்.' ஐந்தின்படி பிரியக்கூடிய சேர்வு. ஒன்பதின்படி கிடப்பு.

'சாக்ரடீஸ் ஞானி.' பலர் இதைச் சாரம் என்று எழுதுகிறார்கள். சேர்வுதான். அவர் ஞானி ஆவதற்கு முன்பும் சாக்ரடீஸாகவே இருந்தார். சேர்வு என்றால் முக்கியமில்லாதது என்று நாமாக எண்ணிக்கொள்வதால் வரும் பிழை இது. ஒருவரிடம் நாம் போற்றுவதில் பெரும்பகுதி சேர்வுதான்.

'வீடு கட்டுகிறவர் நோயைக் குணப்படுத்தினார்.' அரிஸ்டாட்டில் தரும் எடுத்துக்காட்டு. பெர் அக்கிடென்ஸ். கட்டுகிறவர் என்ற முறையில் அவர் குணப்படுத்தவில்லை. அவரே மருத்துவராகவும் இருக்க நேர்ந்ததால் குணப்படுத்தினார்.

'வெள்ளையானது இசை அறிந்தது.' இதுவும் அவருடையதே, நான்கில் இதுதான் கடினம். வெண்மை இசையைத் தாங்கவில்லை, இசை வெண்மையைத் தாங்கவில்லை. இரண்டும் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன, அந்த மனிதர் வாக்கியத்தில் இல்லை. அவரைக் கண்டுபிடித்து 'வெள்ளையான இந்த மனிதர் இசை அறிந்தவர்' என்று திருத்தி எழுதிவிட்டீர்கள் என்றால் அக்குவினாஸின் இறுதி அதிகாரத்தைத் திறக்கலாம்.